கரையில் கேட்க வேண்டியவர்

சூசைத்துறை
19 பிப்ரவரி 2012

அன்புள்ள நிஸ்ரினுக்கு,

மைதீன் பிச்சை மாமா புதன்கிழமை தம்மாம் திரும்புகிறார் என்று கேள்விப்பட்டு, அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸ். அம்மா வறுத்தது. மெயில் அனுப்பியிருக்கலாம். என் பெயரைப் பார்த்ததும் திறக்காமல் விட்டுவிடுவாய் என்று தோன்றியது. ஒருவர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கையில் தரும் கடிதத்தை உன்னால் அப்படி விட முடியாது.

விஷயம் நம் மீனவர் சங்கத்தின் இணையப் பக்கத்தைப் பற்றியது. செயலாளர் ஆன்ட்ரூஸ் அண்ணன் அலுவலகத்துக்குப் புதிய கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார். அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, எல்லாம் இதற்குள் வந்துவிட்டதா என்று கேட்டார். நான் விளக்க வேண்டியதாயிற்று. பக்கத்தின் இடது ஓரத்தில் இருக்கும் நாற்பத்தொரு படகுகளின் பெயர்கள் மட்டும்தான் இங்கே இருப்பவை. ஒரு பெயரைத் தொட்டதும் நடுவில் உள்ள சட்டத்துக்குள் அந்தப் படகின் தாள் விரிகிறதே, யார் யார் கடலுக்குப் போயிருக்கிறார்கள், என்று கிளம்பினார்கள், வீட்டுப் போன் எண் என்ன என்று, அந்தத் தாள் இங்கே இல்லை. கல்லூரியில் படிக்கும்போது என் வீட்டில் இணையம் கிடையாது என்பதால் நிஸ்ரின் தன் இணையக் கணக்கில் அந்தத் தாள்களை உருவாக்கினாள். அவள் வைத்திருக்கும் தாளைத்தான் நம் பக்கம் ஒரு சட்டம் போட்டுக் காட்டுகிறது என்றேன். அலுவலகத்தில் நேசபாய் அக்கா தினமும் தட்டுவதுகூட உன் தாளில்தான் போய் விழுகிறது என்றும் சொன்னேன்.

அவர் கம்ப்யூட்டர் மேலிருந்து கையை எடுத்தார். பிறகு, "அப்ப நம்ம ஆளுகளுக்க பேரெல்லாம் வெளியாளுக்க கையிலயா இருக்கு?" என்றார்.

அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் இருப்பது உனக்குப் புதிதில்லை.

தாள்களைச் சங்கத்தின் பெயரில் புதிதாகத் தொடங்கியிருக்கும் கணக்குக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். கணக்கின் பெயரைத் தனிச்சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

போன ஜூனில் பக்கத்தின் திறப்பு விழா மேடையில் நடந்ததைப் பற்றியும் எழுத நினைத்தேன். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது.

சிந்தியா

*

தம்மாம்
23 மார்ச் 2012

சிந்தியாவுக்கு,

சிப்ஸ் வந்தது. பாதியை மைதீன் பிச்சை மாமா விமானத்திலேயே தின்றிருக்கிறார். மீதியை என் மாப்பிள்ளை தின்றார். எனக்குக் கிடைத்தது உன் கடிதம் மட்டும்தான்.

தாள்களை மாற்றித் தர மாட்டேன். காரணம் கேட்பாய், சொல்கிறேன்.

மேடையில் ஆன்ட்ரூஸ் அண்ணன், "இது முழுக்க நம்ம ததேயுஸுக்க மவ ஒத்தைக்குச் செஞ்சது" என்று மைக்கில் சொன்னபோது நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். பக்கத்தில் வாப்பா. நம் மகள் செய்ததை நாலு பேர் பார்க்கப்போகிறார்கள் என்று கொளச்சலில் தன் மீன் கம்பெனியை அரைநாள் அடைத்துவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். உனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கை உன் வாய்க்கு நேரே நீட்டினார்கள். "நன்றி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நீ இறங்கிவிட்டாய். வாப்பா என்னைப் பார்க்கவேயில்லை. கொடுத்த டீயை நாற்காலிக்கடியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்.

உனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது என்று எனக்குத் தெரியாதா? காலேஜ் வைவாவில் உனக்கும் சேர்த்து நான்தானே பேசினேன். அன்றைக்கு எனக்காக ஒரே ஒரு பெயர் சொல்லியிருக்கலாம், ஏட்டி. மூன்று எழுத்தோ நாலு எழுத்தோ.

அந்தப் பக்கத்தில் என் பெயர் எங்கும் இல்லை. என்னிடம் இருப்பது அந்தத் தாள்கள் மட்டும்தான். அதையும் எடுத்துக் கொடுத்துவிட்டால் நான் அங்கே இருந்ததற்கு அடையாளமே கிடையாது. இதுதான் காரணம்.

நான் கோபத்தில் தாள்களை அடைத்துவிடுவேன் என்று உங்கள் ஆன்ட்ரூஸ் அண்ணன் பயப்படுகிறார் போல. நீயும் பயப்படுகிறாயா? உன் கடிதத்தில் அது இல்லை. இல்லாமலும் இல்லை.

இன்னொன்று. வாப்பாவிடம் ஒரு காரியம் கேட்கப்போகிறேன். அவர் சம்மதித்தால் நீயே சட்டத்துக்குள் பார்ப்பாய். இப்போது சொல்ல மாட்டேன்.

நிஸ்ரின்

*

சூசைத்துறை
15 ஏப்ரல் 2012

நிஸ்ரினுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ எழுதியது எல்லாம் சரி.

தாள்களைப் பற்றி இனி உனக்குத் தொந்தரவு இருக்காது. உடம்பைப் பார்த்துக்கொள்.

சிந்தியா

*

சூசைத்துறை
22 செப்டம்பர் 2012

அன்புள்ள நிஸ்ரின்,

இதை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேசபாய் அக்கா எதிரே இருந்து, முந்தானையால் கண்ணைத் துடைப்பதும் சிரிப்பதுமாக இருக்கிறார். நான் உனக்குத்தான் எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியும்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் உனக்கு இரண்டு வரி எழுதிய அன்றைக்கே, உன் தாள்கள் நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்துச் சங்கத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். சட்டத்தைக் காட்டும் நிரல் வரியைச் செயலிழக்கச் செய்தேன். படகின் பெயரைத் தொட்டால் அன்று முதல் தெரிந்தது உன் தாள் இல்லை, அதன் பிரதி. பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தது. நேசபாய் அக்காவுக்குக்கூட வித்தியாசம் தெரியவில்லை. நீ அடைத்துவிடுவாய் என்று பயந்தேன். நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். உன்னோடு ஐந்து வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் உன்னைப் பற்றி அப்படி நினைத்தேன்.

அப்பா இந்த முறையும் 'சகாய மாதா' படகில்தான் போனார். ஒன்பது பேர். பத்து நாளில் திரும்புவதாகக் கணக்கு. பன்னிரண்டாம் நாள் காற்று மாறியது. பதினான்காம் நாளும் படகு வரவில்லை. படகில் இருந்த யாரும் போன் எடுக்கவில்லை. அன்று நாகர்கோவிலில் எனக்கு வேலை இருந்தது; பாதியில் விடுப்பு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அலுவலகத்துக்கு வந்தபோது ஒன்பது வீட்டுப் பெண்களும் உள்ளே இருந்தார்கள். அம்மா ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. செபமாலையும் சொல்லவில்லை. ஒரு பிளாஸ்டிக் பையின் காதை முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

ஆன்ட்ரூஸ் அண்ணன் என்னைப் பார்த்ததும், "மக்கா, ஒனக்க பக்கத்தத் தொற" என்றார்.

திறந்தேன். 'சகாய மாதா'வைத் தொட்டேன். தாள் வந்தது. ஒன்பது பெயர்கள், ஒன்பது எண்கள். எல்லாம் சரியாக இருந்தன. நிஸ்ரின், அந்த ஒன்பது எண்களும் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த பெண்களின் எண்கள். மூன்றாவது எண் எங்கள் வீட்டு எண். யாரைக் கூப்பிடுவது? கூப்பிட்டால் அந்த அறைக்குள்தான் மணி அடிக்கும். இதற்காகவா இரண்டு வருடம் பாடுபட்டோம் என்று நினைத்தேன். படகு கடலில் இருக்கும்போது கரையில் யாரைக் கேட்பது என்று நாம் இருவரும் யோசிக்கவே இல்லையே.

அப்போதுதான் உன் மார்ச் கடிதத்தின் கடைசிப் பகுதி நினைவுக்கு வந்தது. சட்டத்துக்குள் பார்ப்பாய் என்று எழுதியிருந்தாயே. சட்டம்தான் இல்லையே.

அந்தப் பழைய வரியை நான் அழித்திருக்கவில்லை. செயல்படாதபடி குறியிட்டு மட்டும்தான் வைத்திருந்தேன். ஏன் அழிக்கவில்லை என்று இப்போதும் தெரியவில்லை. குறியை எடுத்துவிட்டு, பக்கத்தை மறுபடி திறந்தேன். அனுமதி இல்லை என்று வரும், அல்லது வெள்ளையாக நிற்கும் என்று நினைத்தேன். உன் தாள் வந்தது.

மூன்று பத்திகள் புதிதாக இருந்தன. 'மீன் இறக்கும் துறைமுகம்.' 'கரையில் கேட்க வேண்டியவர்.' 'அவர் எண்.' 'சகாய மாதா'வுக்கு நேரே கார்வார், கிருஷ்ணமணி, ஐஸ் கம்பெனி என்று எழுதியிருந்தாய். மற்றப் படகுகளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். மேற்குக் கரை நெடுக, மால்பே, மங்களூர், பேப்பூர், ரத்னகிரி. ஒன்றுகூடக் காலியாக இல்லை. கடைசியாகத் திருத்திய நாள் ஆகஸ்ட் 31 என்று இருந்தது.

நான் அந்த எண்ணை அழைத்தேன். என் குரல் வரவில்லை. ஆன்ட்ரூஸ் அண்ணன் போனை வாங்கிப் பேசினார். கிருஷ்ணமணி என்பவர் நம் ஊர்ப் பக்கத்துக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. உன் வாப்பா பெயரைச் சொல்லி, கொளச்சல் ஷரீஃப் முதலாளி சொன்ன ஆட்களா என்று கேட்டாராம். படகு அங்கே வரவில்லை, அரைமணி நேரம் கொடுங்கள், வடக்கும் தெற்கும் விசாரிக்கிறேன் என்று வைத்துவிட்டார். அரைமணி ஒன்றரை மணி ஆனது.

அவரே அழைத்தார். எஞ்சின் நின்று அலைந்த படகை மால்பேக்காரர்கள் கட்டி இழுத்து, கார்வாருக்குத் தெற்கே ஹொன்னாவர் ஆற்றுமுகத்தில் அன்று காலையில்தான் விட்டிருக்கிறார்கள். ஒன்பது பேரும் இருக்கிறார்கள். போன்கள் எல்லாம் நனைந்துபோய்விட்டன. கரையில் ஒருவர் போன் கொடுத்திருக்கிறார். ஆனால் ஒன்பது பேரில் ஒருவருக்கும் வீட்டு எண் மனப்பாடமாகத் தெரியவில்லை. எல்லாம் நனைந்த போனுக்குள் இருந்தன. ஒன்பது ஆண்பிள்ளைகள் ஒரு கடை வாசலில் உட்கார்ந்து ஆளுக்கொரு எண்ணைத் தப்புத் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தார்களாம்.

எங்கள் ஒன்பது எண்களையும் நான்தான் கிருஷ்ணமணிக்கு வாசித்துக் காட்டினேன். இந்த முறை குரல் வந்தது.

கொஞ்ச நேரத்தில் மூன்றாவது எண் அடித்தது. அம்மா எடுக்காமல் என்னிடம் நீட்டினாள்.

"மக்கா, கரை பிடிச்சாச்சு. அம்மைட்ட சொல்லு" என்றார் அப்பா.

நிஸ்ரின், நன்றி என்று எழுதுகிறேன். மேடையில் நான் சொன்னதும் அதே வார்த்தைதான். அன்று யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரைப் பார்க்காமல் சொன்னேன். இது உனக்கு. உன் வாப்பாவுக்கு.

இத்தனை எண்களையும் அவரிடமிருந்து எப்படி வாங்கினாய்? ஒரு மீன் வியாபாரி தன் ஆட்களின் எண்ணை வெளியே தர மாட்டார் என்று அப்பா சொல்கிறார். அதுதான் அவர் தொழிலே என்கிறார்.

சிந்தியா

*

தம்மாம்
19 அக்டோபர் 2012

ஏட்டி சிந்தியா,

ஐந்து மாதம். ஐந்து மாதம் ஒருவரும் பார்க்காத தாளில் நான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். ஏப்ரலுக்குப் பிறகு கிளம்பிய தேதிகள் மாறவேயில்லை என்பதைக் கவனித்தேன். முதலில் மீன்பிடித் தடைக்காலம் என்று நினைத்தேன். ஆகஸ்டிலும் மாறாதபோது நேசபாய் அக்காவுக்குத் தட்ட மடி, சோம்பல் என்று நினைத்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். உன்னைத் திட்டி ஒரு பக்கம் எழுதினேன். மாப்பிள்ளை வாசித்துவிட்டு, அப்பா திரும்பி வந்த பிள்ளைக்கா இதை அனுப்பப்போகிறாய் என்று கேட்டார். கிழித்துவிட்டேன். நீ மட்டும்தான் கிழிப்பாயா?

எண்களை எப்படி வாங்கினேன் என்று கேட்டாய். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வாப்பா வீட்டில் இருப்பார். அந்த நேரம் பார்த்துக் கூப்பிடுவேன். முதல் தடவை, சங்கத்துப் பக்கத்துக்காக என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனவர் இல்லையா. போன் அறுந்துவிட்டது என்று நினைத்து வைக்கப்போனேன்.

"ததேயுஸுக்க போட்டை மொதல்ல எழுது பிள்ளே" என்றார். "அவன் பிடிச்ச மீனை வித்துத்தான் நீ காலேஜிக்குப் போனது."

அதற்குப் பிறகு நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு படகு. கண்ணாடி போட்டுக்கொண்டு தன் சின்ன நோட்டைப் பார்த்து மெதுவாக வாசிப்பார். ஒவ்வொரு எண்ணையும் தருவதற்கு முன் அந்த ஆளைக் கூப்பிட்டு, நம் படகுகளுக்காக யார் கேட்டாலும் சொல்ல வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார். அது எனக்கே உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும். என்னிடம் அவர் சொல்லவில்லை.

இப்போது என் பங்குக்கு ஒன்று. நீ பயந்தது முழுக்கத் தப்பில்லை. போன வருடம் செப்டம்பரில் என் கல்யாணத்துக்கு நீ வரவில்லை. மறுநாள் காலை, மருதாணி போட்ட கையோடு கம்ப்யூட்டரைத் திறந்து, தாள்களைப் பகிர்வதை நிறுத்தப் போனேன். உறுதியாக நிறுத்தவா என்று ஒரு பெட்டி வந்து கேட்டது. பின்னால் 'சகாய மாதா' தாள் திறந்திருந்தது. மூன்றாவது பெயர் உன் அப்பாவுடையது. நீ காலேஜுக்கு எடுத்துவரும் சோற்றுப் பாத்திரத்தில் எப்போதும் எனக்கென்று ஒரு துண்டு மீன் அதிகம் வைத்துவிடச் சொன்னவர். பெட்டியை மூடிவிட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இன்னொன்றும் யோசித்தேன். இனிப் பிடிவாதம் வேண்டாம். தாள்களைச் சங்கக் கணக்குக்கே மாற்றிவிடுகிறேன். நீ ஒரு வார்த்தை எழுது.

உன்
நிஸ்ரின்

*

சூசைத்துறை
6 ஜனவரி 2013

அன்புள்ள நிஸ்ரின்,

மாற்ற வேண்டாம்.

ஆன்ட்ரூஸ் அண்ணனிடம் உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். "அந்தப் பிள்ளைட்டயே இருக்கட்டும்" என்றார். அவருக்கு அவ்வளவு வந்ததே பெரிது. பிரதிகளை எல்லாம் எடுத்துவிட்டேன். சட்டம் பழைய இடத்தில் இருக்கிறது. சட்டத்துக்குக் கீழே, தாள்கள் நிஸ்ரினுடையவை, துறைமுக எண்கள் கொளச்சல் முஹம்மது ஷரீஃப் தந்தவை என்று எழுதியிருக்கிறேன். நீ அங்கிருந்தே பார்த்திருப்பாய்.

நீ பார்க்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் அப்பாவும் ஆன்ட்ரூஸ் அண்ணனும் கொளச்சலுக்குப் போனார்கள். நானும் போனேன். அப்பா அன்றைக்குக் கிடைத்ததிலேயே பெரிய நெய்மீனைத் தென்னை ஓலையில் சுற்றி எடுத்திருந்தார். உன் வாப்பாவின் கம்பெனியில் தராசுக்கு முன்னால் போய் நின்றோம். மூன்று பேருக்கும் பேச வரவில்லை. கூச்சம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் கண்டேன். அப்பா மீனைத் தராசில் வைத்தார். வைத்துப் பழகிய கை.

வாப்பா அதைத் தராசிலிருந்து தூக்கினார். எடை பார்க்கவில்லை. கம்பெனியை ஒட்டிய வீட்டுப் பக்கம் திரும்பி, உன் உம்மாவைக் கூப்பிட்டு, "ததேயுஸ் கொண்டுவந்திருக்கான், குழம்புக்கு" என்று கொடுத்தார். முப்பது வருடம் அவரிடம் மீன் விற்றவன் நான், ஒரு மீனை எடை போடாமல் அவர் வாங்கியதை இன்றுதான் பார்த்தேன் என்று திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டு வந்தார். டீ கொடுத்தார்கள். எல்லோரும் குடித்து முடித்தோம். கிளம்பும்போது நான் வாப்பாவிடம், அன்று மேடையில் உங்கள் மகள் பெயரைச் சொல்லாதது என் தப்பு என்றேன். அவர் என் தலையைத் தொட்டார்.

நேற்று சனிக்கிழமை. படகுகள் போகும் நேரம் என்பதால் அலுவலகம் நிறைய ஆட்கள். பதினைந்து இருபது பெண்கள் இருப்பார்கள். நான் 'சகாய மாதா'வைத் திறந்து வைத்திருந்தேன். அப்போது சட்டத்துக்குள் கிருஷ்ணமணியின் எண் அழிந்தது. அந்த இடத்தில் அவருடைய புதிய எண், ஒவ்வோர் இலக்கமாக வந்து உட்கார்ந்தது. விசைப்பலகையை யாரும் தொடவில்லை. நேசபாய் அக்கா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார், நான் இல்லை என்று.

"ஆரு மக்கா அதுல எழுதுகது?" என்று பின்னால் நின்ற ஒரு அக்கா கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொள்ளத் தோன்றியது. ஆனால் சட்டத்துக்குள் நீ இன்னும் எழுதிக்கொண்டிருந்தாய்.

"நிஸ்ரின்" என்றேன். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. எழுந்து நின்று, இன்னும் சத்தமாகச் சொன்னேன். "நிஸ்ரின். கொளச்சல் ஷரீஃபுக்க மவ. எனக்க கூட்டுக்காரி. இதை நாங்க ரெண்டுபேருமா செஞ்சது."

யாரும் கைதட்டவில்லை. அவர்களுக்கு அது பெரிய செய்தியாகவும் படவில்லை. ஜெபகனி அக்கா மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, அப்படியென்றால் உன் கூட்டுக்காரியிடம் சொல்லி என் எண்ணையும் மாற்றச் சொல், பழைய போனைப் பேரன் தண்ணீரில் போட்டுவிட்டான் என்றார். அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் தங்கள் எண்ணைச் சொன்னார்கள்.

மூன்றையும் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நானே மாற்றியிருக்கலாம், எனக்கும் அந்தத் தாளில் எழுத அனுமதி இருக்கிறது. ஆனால் நீ எழுதி அது வருவதைப் பார்க்க வேண்டும் என்று ஜெபகனி அக்கா சொல்லிவிட்டார். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த அடுத்த சனிக்கிழமை, நம் நேரம் காலை பத்து மணிக்கு மாற்று. சனிக்கிழமைதோறும் நாங்கள் எல்லோரும் சட்டத்துக்கு முன்னால் இருப்போம்.

உன்
சிந்தியா